மார்ஜோரி ஏரிக்கு மேலே: 1955 டுபான்ட் ஆற்றுப் பயணம், ஒரு நிகழ்வு ஆய்வு

1955 செப்டம்பர் 14. கனடாவின் வடகோடியில், டுபான்ட் ஆறு மார்ஜோரி ஏரியில் போய்ச் சேரும் இடத்துக்குச் சற்று மேலே, மூன்று கேனோக்களில், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுக்கமான திறந்த படகுகளில், வந்த ஆறு பேர் ஒரு ரேபிட்ஸுக்குள் நுழைந்தார்கள். பாறைகளுக்கு நடுவே ஆறு சரிந்து சீறும் இடம் அது. கரையில் இறங்கி நடந்து பார்த்துவிட்டு அவர்கள் உள்ளே போகவில்லை. இரண்டு கேனோக்களில் தண்ணீர் ஏறியது. அவற்றில் இருந்தவர்கள் ஆற்றில் விழுந்தார்கள். மூன்றாவது கேனோ நிமிர்ந்தே நின்றதால் மற்றவர்களைக் கரைசேர்க்க முடிந்தது. ஆனால் குழுத்தலைவர் ஆர்தர் மோஃபட் குளிரில் உயிரிழந்தார். அவருக்கு 36 வயது. சாமான்களில் பெரும்பகுதி ஆற்றோடு போனது. மீதி ஐந்து பேரும் இளைஞர்கள். அவர்கள் மேலும் பல நாள் துடுப்புப் போட்டு, அந்த மாதக் கடைசியில் பேக்கர் ஏரிக் குடியிருப்பை அடைந்தார்கள்.

கேனோவில் போய் டென்ட் அடித்துத் தங்கும் பயணங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சம்பவத்தை எழுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எடுத்து விவாதிக்கிறார்கள். பெரும்பாலும் அந்த விவாதம் ரேபிட்ஸில்தான் தொடங்குகிறது: ஏன் இறங்கிப் பார்க்கவில்லை, யார் முடிவெடுத்தது, யார் மேல் தவறு என்று. எனக்கு அது கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படிப்பதுபோலத் தெரிகிறது. அந்தக் கவிழ்வுக்கான காரணங்கள் பல வாரங்களாகச் சேர்ந்துகொண்டே வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை அந்தந்த நேரத்தில் ஆபத்தாகவே தோன்றாதவை: ஒரு நாள் ஓய்வு, ஒரு நாள் எதிர்காற்று, படம் எடுக்கக் காத்திருந்த ஒரு காலைப்பொழுது. ஏரியிலும் ஆற்றிலும் இரண்டு மூன்று இரவு தங்கி வருகிறவர்களுக்குக்கூட இந்தச் சம்பவம் உதவுவது அதனால்தான்.

பயணத்தின் அளவு

டுபான்ட் ஆற்றின் நீளம் 842 கிலோமீட்டர். மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டி, துந்திரா வெளியில் ஏரி ஏரியாக இறங்கிப் போகும் ஆறு. அதன் நடுவே இருக்கும் டுபான்ட் ஏரி கோடையிலும் நெடுநாள் பனிக்கட்டி மிதக்கும் பெரிய ஏரி. அதற்குக் கீழே கிரான்ட், வார்ட்டன், மார்ஜோரி என்று ஏரிகள் தொடர்கின்றன. பிறகு பெவர்லி ஏரியில் தெலான் ஆற்றோடு கலந்து, அபர்தீன், ஷுல்ட்ஸ் ஏரிகளைக் கடந்து பேக்கர் ஏரிக்குப் போகிறது நீர்வழி. வழியில் ஊர் கிடையாது, கடை கிடையாது. ஒருமுறை இறங்கிவிட்டால் மறுமுனைதான் வெளியேறும் வழி.

மோஃபட் இந்த வழியைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1893-இல் கனடாவின் நிலவியல் ஆய்வுத்துறைக்காக ஜோசப் பர் டிரலும் அவருடைய தம்பி ஜேம்ஸ் டிரலும் இதே ஆற்றில் போயிருந்தார்கள். அந்தக் குழுவில் மொத்தம் எட்டுப் பேர், மூன்று கேனோக்கள். துடுப்புப் போட்டவர்கள் அந்த வேலையில் பழுத்தவர்கள். அப்படியும் அவர்கள் செப்டம்பர் தொடக்கத்தில்தான் பேக்கர் ஏரிப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஹட்சன் வளைகுடாக் கரையோரமாகத் தெற்கே வரும்போது குளிரும் பட்டினியும் அவர்களைச் சாவின் விளிம்புக்கே கொண்டுபோயின. அந்த ஆற்றில் எந்தத் தேதியில் எங்கே இருக்க வேண்டும், தவறினால் என்ன ஆகும் என்பதெல்லாம் 1955-க்கு முன்பே எழுத்தில் இருந்தது. மோஃபட் அந்த அறிக்கையைப் படித்தவர். அதைப் பின்பற்றியே பயணத்தைத் திட்டமிட்டவர்.

அவர் அனுபவமில்லாதவரும் அல்ல. ஒன்டாரியோவின் ஆல்பனி ஆற்றில் பலமுறை கேனோப் பயணம் போனவர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. விபத்துச் செய்தி படிக்கும்போது “அவருக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும்” என்று நினைத்து நகர்ந்துவிடுவது எளிது. இங்கே அப்படி நகர முடியாது. தெரிந்தவர்தான், முன்னால் போனவர்களின் குறிப்பைக் கையில் வைத்திருந்தவர்தான். ஆனாலும் செப்டம்பர் நடுவில் பெவர்லி ஏரிக்கும் மேலே, உணவு குறைந்து, இரவில் உறைபனி விழும் நிலையில் அவருடைய குழு நின்றது.

தாமதம் எங்கே போய்ச் சேர்ந்தது

மோஃபட் அந்தப் பயணத்தைப் படமெடுக்கவும் நினைத்திருந்தார். அதற்கு நேரம் வேண்டும். ஓய்வு நாட்களும் நிறைய எடுத்தார்கள். பெரிய ஏரிகளில் காற்று அடித்தால் கரையில் முடங்க வேண்டியதுதான். இதில் எதையுமே தனியாக எடுத்துத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த நிலத்தைப் பார்க்கத்தானே போனார்கள்? காற்றில் ஏரியைக் கடக்காமல் காத்திருப்பதும் நல்ல முடிவுதான். பிரச்சினை, அந்த நாட்களின் விலை எங்கேயும் எழுதப்படாமல் போனது.

கேனோப் பயணத்தில் இழந்த ஒரு நாள் கடன் மாதிரி. யாராவது எதிலிருந்தாவது அதைக் கட்டியே ஆகவேண்டும். எதிலிருந்து கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தால் ஓரளவு வலியில்லாமல் கட்டலாம்: தூரத்தைக் குறைக்கலாம், ஒரு கிளை ஏரியை விட்டுவிடலாம், அடுத்த ஓய்வு நாளை ரத்து செய்யலாம். முடிவு செய்யாமல் விட்டால் கடன் தானே வசூலித்துக்கொள்ளும், அதுவும் ஒரு வரிசையில். முதலில் உணவில் கைவைக்கும். அப்புறம் தூக்கத்திலும் வெளிச்சத்திலும். அப்புறம் பருவத்தில், அதாவது கோடைக்காகத் திட்டமிட்ட பயணம் இலையுதிர் காலத்தில் நடந்துகொண்டிருக்கும். கடைசியில் வசூலிப்பது நம் நிதானத்தில்.

டுபான்ட் குழுவில் இந்த வரிசை அப்படியே நடந்தது. கொண்டுபோன உணவு குறையக் குறைய, கரிபூ மான் வேட்டையையும் மீனையும் பறவைகளையும் நம்பத் தொடங்கினார்கள். வேட்டைக்கும் நேரம் வேண்டும், அதனால் தாமதம் இன்னும் கூடியது. மரமில்லாத வெளியில் விறகு கிடைப்பது அரிது. உடையை உலர்த்துவதும் சூடாகச் சமைப்பதும் பெரிய வேலை. பசித்த, நனைந்த, சரியாகத் தூங்காத ஆறு பேருக்கு “இன்னும் வேகமாகப் போகவேண்டும்” என்ற ஒரே எண்ணம்தான் மிஞ்சும். அந்த எண்ணத்தோடுதான் அவர்கள் ரேபிட்ஸை நெருங்கினார்கள்.

ரேபிட்ஸின் தொடக்கத்தில்

ஆற்றின் மேலிருந்து பார்க்கும்போது ரேபிட்ஸ் எப்போதும் உள்ளதைவிடச் சிறியதாகவே தெரியும். படகில் உட்கார்ந்திருப்பவரின் கண் தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில்கூட இருக்காது. அலைகளின் முதுகுதான் தெரியும்; முகம் மறுபக்கம் இருக்கும். சரிவுக்குப் பின்னால் இருப்பது முழுக்க மறைந்துவிடும். அதனால்தான் கரையில் இறங்கி, கடைசிவரை நடந்து, கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டும் என்பது பழைய விதி. பார்த்த பிறகு படகையும் சாமானையும் தோளில் சுமந்து கடப்பதா, நீரில் போவதா என்று முடிவு செய்யலாம்.

இதற்கு அரைமணி ஆகும். சுமந்து கடந்தால் பாதி நாள்கூட ஆகலாம். அவசரத்தில் இருப்பவர் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த அரைமணியைத்தான். முந்தைய சரிவுகளில் பிழைத்துப் போனது அதற்குத் துணைநிற்கும். பார்க்காமல் போய்த் தப்பித்த ஒவ்வொரு முறையும், பார்ப்பது தேவையில்லை என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. நல்ல முடிவினால் தப்பித்தோமா, ஆறு விட்டுவிட்டதால் தப்பித்தோமா என்று அன்று மாலையே பிரித்துப் பார்க்காவிட்டால், பிறகு எப்போதும் பிரிக்க முடியாது.

தண்ணீரில் விழுந்த பிறகு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துடுப்புப் பயணங்களில் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. நீந்தத் தெரியும் என்பது குளிர்ந்த நீரில் பெரிய காப்பு இல்லை.

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரைப் பற்றி ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை எளிதாக நினைவில் வைக்க ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒன்று, பத்து, ஒன்று. மிகக் குளிர்ந்த நீரில் விழுந்ததும் முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அந்த நிமிடத்தில் முகம் நீருக்குள் போனால் அங்கேயே மூழ்கிவிடலாம். அடுத்த சுமார் 10 நிமிடம்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகைப் பிடிப்பதோ, ஏறுவதோ, கரையேறுவதோ முடிந்திருக்க வேண்டும். உடலின் உள்வெப்பம் இறங்கி நினைவு தப்புவதற்குச் சுமார் 1 மணி நேரம் ஆகும். லைஃப் ஜாக்கெட் இல்லாதவருக்கு மூன்றாவது கட்டம் வருவதே அரிது. இரண்டாவது கட்டத்தின் முடிவில் கை ஓய்ந்து மூழ்கிவிடுவார். ஜாக்கெட் படகின் அடியில் கிடந்தால் அந்த 10 நிமிடத்தில் அதை எடுத்து மாட்டவும் முடியாது. விரல்தான் முதலில் போகும்.

கரையேறியதோடு ஆபத்து முடிவதும் இல்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். முதலில் கடுமையாக நடுங்கும். நடுக்கம் உடல் தன்னைத்தானே சூடாக்கும் வழி. அதற்கு எரிபொருள் வேண்டும். வாரக்கணக்கில் அரைவயிறு சாப்பிட்டவருக்கு அந்த எரிபொருள் ஏது? வெப்பம் மேலும் இறங்கினால் நடுக்கமே நின்றுவிடும். பேச்சு குளறும், கையிலிருப்பது நழுவும், நடை தடுமாறும். அந்த நிலையில் ஒருவர் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னால் அதை நம்பக்கூடாது. ஈரத் துணியைக் கழற்றிவிட்டு, உலர்ந்த ஸ்லீப்பிங் பேக்குக்குள் படுக்கவைத்து, கூடவே சூடான உடலோடு இன்னொருவர் படுத்துக்கொண்டு, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். மோசமாகக் குளிர்ந்துபோனவரை எழுப்பி நடக்கவிடுவதும் முரட்டுத்தனமாகத் தூக்குவதும் இதயத் துடிப்பையே குலைக்கலாம்.

இதற்கெல்லாம் உலர்ந்த பொருள் வேண்டும், உலர்ந்த ஸ்லீப்பிங் பேக், உலர்ந்த துணி, தீப்பெட்டி. மார்ஜோரி ஏரிக்கு மேலே ஒரே நேரத்தில் இரண்டு கேனோக்கள் போனதால் குழுவின் சாமானில் பெரும்பகுதியும் நனைந்தது அல்லது தொலைந்தது. மூன்று படகுகளும் அடுத்தடுத்து ஒரே சரிவில் இறங்கினால் ஒருவருக்கு வரும் ஆபத்து எல்லோருக்கும் வரும். ஒரு படகு கீழே போய்ப் பாதுகாப்பாக நின்ற பிறகு அடுத்தது இறங்குவது என்ற வழக்கம் இதற்காகத்தான்.

திமிஸ்காமிங்: அதே கணக்கு, ஒரே நாளில்

தாமதம் வாரக்கணக்கில் சேர வேண்டும் என்பதில்லை. 1978 ஜூன் 11 அன்று, ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களின் எல்லையில் கிடக்கும் திமிஸ்காமிங் ஏரியில் ஒரு ஆண்கள் பள்ளியின் குழு இறங்கியது. 27 மாணவர்கள், 4 பெரியவர்கள், 4 பெரிய கேனோக்கள். ஜேம்ஸ் வளைகுடா வரை போக வேண்டிய நீண்ட பயணத்தின் முதல் நாள் அது. முந்தைய இரவு முழுக்க வண்டியில் வந்தவர்கள், தூக்கம் சரியாக இல்லாமலே காலையில் துடுப்பைக் கையில் எடுத்தார்கள். பிற்பகலில் காற்று ஏறியது. ஒரு கேனோ கவிழ்ந்தது. காப்பாற்றப் போனவர்களும் தண்ணீரில் விழுந்தார்கள். அன்று 12 மாணவர்களும் 1 ஆசிரியரும் இறந்தார்கள். குளிர்நீர்தான் கொன்றது.

நீளமான ஏரியில் அதன் நீளவாக்கில் காற்று அடித்தால் அலைக்கு வளர நிறைய இடம் கிடைக்கும். பின்னாலிருந்து வரும் காற்று தள்ளிவிடுவதால் முதலில் சுகமாகவே இருக்கும். ஆனால் அலை பெரிதாகும்போது கேனோ அதன் முகத்தில் சறுக்கிப் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். தூக்கமில்லாத, பழக்கமில்லாத கைகளால் அதை நேராக்குவது கடினம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகின் மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் ஏரிக் காற்று “கொஞ்சம் கூடியது” என்பது பெரும்பாலும் கொஞ்சமாக இருப்பதில்லை.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது முதல் நாள் என்பதுதான். உணவு இருந்தது, சாமான் இருந்தது, பருவம் இருந்தது. தூக்கம் ஒன்றுதான் முன்கூட்டியே செலவாகியிருந்தது. அதைக் கணக்கில் எடுத்து அன்று காலை புறப்படாமல் கூடாரம் அடித்துத் தூங்கியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு நாள் இழப்பு, அவ்வளவே.

மூன்று இரவுப் பயணத்துக்கு இதைக் கொண்டுவந்தால்

நம்மில் யாரும் துந்திராவில் மூன்று மாதம் போகப்போவதில்லை. ஆனால் அந்தக் கடன் வரிசை மூன்று இரவுப் பயணத்திலும் அப்படியே வேலை செய்கிறது. முதல் நாள் புறப்படத் தாமதம். திட்டமிட்ட முகாமிடத்துக்குப் பதில் வேறு எங்கோ இருட்டில் கூடாரம் அடிக்கிறோம். இருட்டில் பள்ளமும் மேடும் தெரியாது. தலைக்கு மேல் பட்டுப்போன கிளை இருப்பதும் தெரியாது. இரவில் மழை, தண்ணீர் தேங்கும் பள்ளம், நனைந்த ஸ்லீப்பிங் பேக். இறகு நிரப்பிய பேக் நனைந்தால் சூடு தரும் தன்மையைப் பெரும்பாலும் இழந்துவிடும். மறுநாள் தூக்கமில்லாத ஆட்கள் பதினொரு மணிக்குப் புறப்படுகிறார்கள். வெயில் ஏறினால் ஏரிக்காற்றும் பெரும்பாலும் ஏறும். காலையின் அமைதியான மணிநேரங்கள் போய்விட்டன. இழந்த தூரத்தைப் பிடிக்க, கரையோரமாகப் போகாமல் ஏரியின் நடுவே நேராக வெட்டிக் கடக்கலாம் என்று யாரோ சொல்வார்கள். ஈரமான ஒரு இரவு இரண்டாம் நாள் பிற்பகலில் நம்மை ஏரி நடுவுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டது.

இந்த வரிசையை அறுப்பதற்கு மிக நல்ல இடம் முதல் நாள் மாலை. “நாளைக்குப் பிடித்துவிடலாம்” என்ற வாக்கியம் வாயில் வரும்போதே நிறுத்தி, வரைபடத்தைத் திறந்து, எந்தப் பகுதியை விட்டுவிடுவது என்று முடிவு செய்யவேண்டும். வேகத்தால் ஈடுகட்டுவது என்ற வழியே கிடையாது என்று வைத்துக்கொள்வது நல்லது. சாமான் ஏற்றிய கேனோ அமைதியான நீரில் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் போகும். எவ்வளவு முறுக்கினாலும் அது பெரிதாக மாறாது. கூடுவது களைப்பு மட்டும்தான். தூரத்தைக் குறைப்பதே நேர்மையான வழி.

காற்றுக்கு ஒரு அடையாளம் போதும். அலையுச்சிகளில் அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று ஏறுகிறது என்று பொருள். பரவலாக நுரை தெரிந்தால் காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 4, அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். சாமானோடு திறந்த கேனோவில் ஏரியைக் கடக்க அது நேரமில்லை. இந்த எல்லையை வீட்டிலேயே குழுவாக ஒப்புக்கொண்டு எழுதிவைத்துவிட்டால், கரையில் நின்று வாதாடத் தேவையில்லை. பசியோடு நிற்கிறவர்கள் நடத்தும் வாதத்தில் பொறுமைசாலி ஜெயிப்பதில்லை.

சாமானைப் பிரிக்கும் விதமும் முக்கியம். ஒரு படகு முழுசாகப் போனாலும் மீதி ஆட்கள் ஒரு இரவைக் கழிக்கும்படி கூடாரம், உணவு, தீமூட்டும் பொருள் எல்லாம் படகுகளுக்குள் பங்கிடப்பட்டிருக்க வேண்டும். தீமூட்டும் பொருளில் கொஞ்சம் நீர்புகாத பையில் போட்டு ஒவ்வொருவர் உடம்போடும் இருக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக்குக்கும் ஒரு மாற்று உடைக்கும் தனி நீர்புகாப் பை. இரவுக்கான உடையைப் பகலில் எந்தக் காரணத்துக்கும் போடக்கூடாது. காலையில் எழுந்து ஈர உடையையே மாட்டிக்கொள்வது கஷ்டம்தான், ஆனால் உலர்ந்த ஒரு செட் எப்போதும் மிஞ்சும்.

யார் மேல் தவறு

மோஃபட்டைக் குற்றவாளியாக்கி எழுதியவர்கள் உண்டு. அவரை ஆழ்ந்து மதித்துப் பேசிய குழு உறுப்பினர்களும் உண்டு. என் கருத்தில் அவர் தலைவராக எடுத்த ஒரு முடிவைவிட, குழுவில் எடுக்கப்படாமல் போன முடிவுகள்தான் கவனிக்க வேண்டியவை. ஆகஸ்டில் ஏதோ ஒரு மாலை யாராவது தேதியையும் மீதித் தூரத்தையும் மீதி உணவையும் ஒரே தாளில் எழுதி எல்லோர் முன்னும் வைத்திருந்தால், ஓய்வு நாட்களைப் பற்றிய பேச்சு வேறுமாதிரி நடந்திருக்கும். தலைவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த கணக்கு அவருடைய மனநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். எல்லோரும் பார்த்த கணக்கு அப்படி ஆடாது.

ஆகவே, பயணம் முடிந்து எழுதும் குறிப்பைவிட, பயணத்தின் நடுவில் ஒவ்வொரு மாலையும் எழுதும் குறிப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அதில் நான்கு வரி இருந்தால் போதும். இன்று திட்டத்திலிருந்து எவ்வளவு விலகினோம். அதை எதிலிருந்து ஈடுகட்டப் போகிறோம். இன்று எந்த இடத்தில் முடிவு சரியாக இல்லாமலும் தப்பித்தோம். யார் குளிரிலும் களைப்பிலும் இருக்கிறார்கள். மூன்றாவது வரியை எழுத யாருக்கும் மனம் வராது. அதனால் சுற்றுமுறை வைத்து, ஒவ்வொரு மாலையும் வேறு ஒருவர் எழுத வேண்டும். குழுவிலேயே வயதில் சிறியவர் எழுதும் நாளில் தலைவர் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். நான்காவது வரியில் ஒரு பெயர் இரண்டு மாலை தொடர்ந்து வந்தால், மறுநாள் காலை அந்தப் பயணம் கரையிலேயே இருக்கும்.